பச்சை ரத்தம்

2003-ம் ஆண்டு ஆவணி மாதம், கோவில்பட்டிக்குப் பக்கத்தில் எங்கள் ஊர்ச் சுடலைமாடன் கோயிலில் கொடை. வில்லுப்பாட்டு இருந்தது, மேளம் இருந்தது, கிடாவெட்டு மட்டும் இல்லை. கோயில்களில் ஆடு, கோழி பலியிடக் கூடாது என்ற 1950-ம் ஆண்டுச் சட்டத்தை அமல்படுத்தச் சொல்லி ஆகஸ்ட் கடைசியில் அரசு உத்தரவு போட்டிருந்தது. கோயில் வாசலில் இரண்டு போலீஸ்காரர்கள் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்கள். நேர்ந்துவிட்ட கிடா எங்கள் தொழுவத்திலேயே நின்று வேப்பங்குழை தின்றுகொண்டிருந்தது.

ரத்தத்தைப் பார்த்து வளர்ந்தால் பிள்ளைகள் மனசு கெட்டுப்போகும் என்று பந்தலில் ஒரு பெரியவர் பேசினார். நான் தலையாட்டிக்கொண்டு நின்றேன். எனக்குப் பதினாறு வயசு. அன்று காலையில்தான் டவுனுக்குப் போய் இரண்டு மணி நேரம் ஆட்களைக் கொன்றுவிட்டு வந்திருந்தேன்.

பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே மாடியில் இருந்த பிரவுசிங் சென்டரில் பிளைவுட் தடுத்த ஐந்து கேபின்கள் இருந்தன. மணிக்கு இருபது ரூபாய். கடைக்கார அண்ணாச்சி நோட்டில் பெயரும் நேரமும் எழுதிக்கொள்வார். இன்டர்நெட் பார்க்க வருபவர்கள் குறைவு. பள்ளிக்கூடத்துப் பையன்கள் வந்தது 'வைஸ் சிட்டி' விளையாட. அந்த வருஷம் மே மாதம்தான் கம்ப்யூட்டருக்கு வந்திருந்த விளையாட்டு அது. அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் பெட்டியின் மேலேயே சிறுவர்களுக்கானது அல்ல என்று முத்திரை குத்தி விற்றார்கள். எங்கள் ஊருக்குப் பெட்டி வரவில்லை. ஸ்கெட்ச் பேனாவில் பெயர் எழுதிய திருட்டு சிடி வந்தது, முத்திரை வரவில்லை.

1986-ம் ஆண்டு மயாமியைப் போல் கட்டிய கற்பனை நகரம். கடற்கரை, பனைமரம், பாட்டுப் போடும் கார். கதைப்படி நாயகன் டாமி செய்ய வேண்டிய வேலைகள் நிறைய இருந்தன. நாங்கள் அதையெல்லாம் செய்யவில்லை. கீபோர்டில் 'பேன்சர்' என்று தட்டுவோம், முன்னால் ஒரு ராணுவ டாங்கி வந்து நிற்கும். நடைபாதையில் ஏற்றுவோம். விழுந்தவர்களிடமிருந்து ரூபாய்க் கட்டுபோல டாலர் சிதறும், ஓடிப்போய்ப் பொறுக்குவோம். மரம் அறுக்கிற ரம்பத்தால் ஒருவனை வெட்டினால் ரத்தம் தெறித்துத் திரையிலேயே ஒட்டும். அப்போது பக்கத்துக் கேபின்களில் இருப்பவர்களும் எழுந்து வந்து எட்டிப்பார்ப்பார்கள். கொஞ்ச நேரத்தில் ஆம்புலன்ஸ் வரும். வெள்ளை உடுப்புக்காரர்கள் குனிந்து கையை வைத்தால் செத்தவன் எழுந்து நடப்பான். நாங்கள் திரும்பவும் ஏற்றுவோம். தெருமுனை திரும்பிவிட்டு மறுபடி வந்து பார்த்தால் விழுந்து கிடந்தவர்கள் ஒருவரும் இருக்க மாட்டார்கள்.

ஹைட்டி நாட்டவரைக் கொல்லச் சொல்லும் வசனம் ஒன்று அந்த விளையாட்டில் இருந்தது. அதை எதிர்த்து அந்த வருஷக் கடைசியில் நியூயார்க்கில் ஹைட்டி வம்சாவளியினர் போராடினார்கள். இனி அச்சிடும் பிரதிகளில் அதை நீக்குவதாக நிறுவனம் ஒப்புக்கொண்டது. நான் இதைத் தெரிந்துகொண்டது பல வருஷம் கழித்து. எங்கள் சிடியில் அந்த வசனம் அப்படியே இருந்திருக்க வேண்டும். ஆங்கிலம் புரியாததால் எங்களுக்கு அது வெறும் சத்தம். ஹைட்டி எங்கே இருக்கிறது என்றுகூட எங்களில் யாருக்கும் தெரியாது.

கிடாவெட்டை நான் முதன்முதலில் பார்த்தது ஒன்பது வயசில். கிடாவுக்குச் செவலை என்று பெயர். இரண்டு வருஷம் எங்கள் வீட்டில் வளர்ந்தது, பாட்டி கையால்தான் தின்னும். மாலை போட்டுக் கொண்டுவந்து நிறுத்தி மஞ்சள் தண்ணீரைத் தலையிலும் முதுகிலும் தெளித்தார்கள். கிடா தானாக உடம்பைச் சிலிர்த்துக் குலுங்க வேண்டும். அதுதான் உத்தரவு. குலுங்காமல் யாரும் அரிவாளை எடுக்க மாட்டார்கள். செவலை குலுங்கவில்லை. மேளம் நின்றது. சாமியாடி கையைக் கட்டிக்கொண்டு நின்றார். மறுபடி தண்ணீர் தெளித்தார்கள். கூட்டம் மொத்தமும் ஓர் ஆட்டின் முகத்தைப் பார்த்துக்கொண்டு காத்திருந்தது. நான் கண்ணைப் பொத்தினேன். தாத்தா என் கையை இறக்கிவிட்டார்.

"கண்ண மூடாதல. அது நமக்காகப் போவுது. நாளைக்குத் திங்கப் போறவன் இன்னைக்குப் பாக்கணும்."

குலுங்கியது. அன்றிரவு பாட்டி சாப்பிடவில்லை. தொழுவத்தில் வெறும் கயிற்றைச் சுருட்டி ஆணியில் மாட்டிக்கொண்டிருந்தாள்.

ஆட்டை வெட்டுவது சரியென்று வாதாட இதைச் சொல்லவில்லை. நான் சொல்ல வருவது வேறு. அங்கே சாகிறதுக்கு ஒரு பெயர் இருந்தது, அழ ஒருத்தி இருந்தாள், கொல்கிறவன் அதன் உத்தரவுக்குக் காத்திருந்தான். இருபது ரூபாய்க்கு நான் ஏற்றிக் கொன்ற நூற்றுக்கணக்கானவர்களில் ஒருவருக்கும் இவற்றில் ஒன்றுகூட இல்லை.

விளையாட்டுகளில் வன்முறை பற்றிய சண்டையின் வரலாற்றைப் பின்னாளில் தேடிப் படித்தபோது எனக்கு ஆற்றாமையாக இருந்தது. 1993 டிசம்பரில் அமெரிக்க செனட்டர்கள் ஜோ லீபர்மேனும் ஹெர்ப் கோலும் விசாரணை நடத்தினார்கள். 'மார்ட்டல் காம்பாட்' என்ற சண்டை விளையாட்டில் எதிராளியின் இதயத்தைப் பிய்த்தெடுக்கும் காட்சி இருந்தது. விளையாட்டுக் கருவி செய்யும் நின்டெண்டோ நிறுவனம் தன் பதிப்பில் ரத்தத்தைச் சாம்பல் நிற வியர்வையாக மாற்றியிருந்தது. போட்டி நிறுவனமான சேகாவின் பதிப்பில் பட்டன்களை ஒரு வரிசையில் அமுக்கினால் சிவப்பு ரத்தம் வரும், அதுதான் அதிகம் விற்றது. அடுத்த வருஷம் வயது முத்திரை குத்தும் அமைப்பு அங்கே உருவானது. அது நல்ல காரியம், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. அதே வருஷம் நின்டெண்டோவிலும் இரண்டாம் பாகத்தின் ரத்தம் சிவந்தது. ஆனால் அதே இரண்டாம் பாகம் ஜப்பானில் வந்தபோது ரத்தம் பச்சை. 1997-ல் பிரிட்டனில் பாதசாரிகள் மேல் கார் ஏற்றும் 'கார்மகெடான்' விளையாட்டுக்குத் தணிக்கை வாரியம் சான்றிதழ் தர மறுத்தது. பாதசாரிகளைப் பிணப்பேய்களாக்கி ரத்தத்தைப் பச்சையாக்கினார்கள், கடைக்கு வந்துவிட்டது. ஏற்றுவது நிற்கவில்லை. பிறகு மேல்முறையீட்டில் வென்று பழைய சிவப்பையே கொண்டுவந்தார்கள்.

இந்த விளையாட்டுகள் பிள்ளைகளைக் கொலைகாரர்களாக்கும் என்ற பயத்தை நான் ஏற்கவில்லை. எங்கள் ஐந்து கேபின்களில் உட்கார்ந்த யாரும் அப்படி ஆகவில்லை என்பதால் மட்டும் இல்லை. கொலை, துப்பாக்கிச் சூடு போன்ற வன்செயல்களுக்கு விளையாட்டைக் காரணம் காட்டப் போதிய ஆதாரம் இல்லை என்று அமெரிக்க உளவியல் சங்கம் 2020-ல் தெளிவாகச் சொன்னது. கத்துவது, தள்ளுவது போன்ற சிறு முரட்டுத்தனத்தோடு சின்னத் தொடர்பு உண்டு என்றும் அதே அறிக்கை சொல்கிறது. முதல் வரியை விளையாட்டுக்காரர்களும் இரண்டாவது வரியைப் பெற்றோரும் எடுத்துக்கொண்டார்கள். கொலைகாரனாகவில்லை என்பது ஒரு பிள்ளை வளர்ப்புக்குப் போதுமான அளவுகோலா என்பதுதான் என் கவலை.

நம் நாட்டில் இந்தச் சண்டை பப்ஜியோடு வந்தது. நூறு பேர் ஒரு தீவில் பாராசூட்டில் குதித்து, கடைசி ஆள் மிஞ்சும்வரை சுடுவது. 2018-ல் செல்போனுக்கு வந்தது. 2019 மார்ச்சில் ராஜ்கோட் போலீஸ் அதைத் தடை செய்து, விளையாடியதற்காகப் பத்துப் பேரைக் கைதுகூடச் செய்தது. 2020 செப்டம்பர் 2-ம் தேதி மத்திய அரசு தடை போட்ட 118 செயலிகளில் அதுவும் ஒன்று. டிவியில் செய்தி கேட்டு எங்கள் குடியிருப்பில் தாய்மார்கள் சந்தோஷப்பட்டார்கள், நானும்தான். தடைக்குச் சொன்ன காரணம் நாட்டின் பாதுகாப்பு, இறையாண்மை, தகவல் திருட்டு. பிள்ளைகள் அதில் இல்லை. ரத்தமும் இல்லை.

2021 ஜூலையில் இந்தியாவுக்கென்றே புதுப் பெயரில் திரும்பி வந்தது. பதினெட்டு வயதுக்குக் கீழே இருந்தால் ஒரு நாளைக்கு மூன்று மணி நேரம்தான், பெற்றோர் சம்மதம் வேண்டும், இது நிஜ உலகம் அல்ல என்று எச்சரிக்கை வரும். இவை வேண்டியவைதாம். கூடவே ரத்தம் பச்சையானது. 'கில்' என்ற சொல் போய் 'ஃபினிஷ்' வந்தது.

என் மகனுக்குப் பன்னிரண்டு வயசு. ஹெட்போன் மாட்டிக்கொண்டு கட்டில் மூலையில் உட்கார்ந்து விளையாடுகிறான். போன வருஷம் ஒரு நாள் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். புல்வெளியில் ஓடிய ஒருவன்மேல் குண்டு பட்டுப் பச்சையாகத் தெறித்தது.

"எத்தனை பேரக் கொன்ன?"

"கொல்லலப்பா. ஃபினிஷ். ஆறு ஃபினிஷ்."

"அவன் எங்க போனான்?"

"பெட்டியாயிட்டான். பாருங்க."

சுடப்பட்டவன் கிடந்த இடத்தில் ஒரு மரப்பெட்டி இருந்தது. மகன் ஓடிப்போய்த் திறந்து துப்பாக்கி, தோட்டா, மருந்துக்கட்டு எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டான். டாலர் பொறுக்கிய என் விரல்கள் ஞாபகம் வந்தன. எங்களுக்காவது, விழுந்தவன் மனிதன் என்று சொல்ல அந்தச் சிவப்பு இருந்தது. நான் அந்த வயசில் விளையாடியதைவிட இது எவ்வளவோ மென்மையானது என்று யாரும் சொல்லலாம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. வலியைக் காட்டாத கொலையைக் குழந்தைக்கு ஏற்றதென்று நாம் முடிவு செய்திருக்கிறோம், அது என்னைத் தூங்கவிடவில்லை.

அந்த நாளிலிருந்து அவன் விளையாடும்போது நானும் உட்காருகிறேன். வைஸ் சிட்டி கேட்டான், பெரியவனாகும் வரை கிடையாது என்று சொல்லிவிட்டேன். கோபித்துக்கொண்டு இரண்டு நாள் பேசவில்லை.

இந்த ஆவணியில் கொடைக்குக் கூட்டிப்போனேன். கிடாவை நிறுத்தித் தண்ணீர் தெளித்தார்கள். அவன் என் சட்டையைப் பிடித்துக்கொண்டான்.

"குலுங்கலன்னா என்னப்பா பண்ணுவாங்க?"

2003-ல் போலீஸ் வந்ததால் தப்பித்த கிடாவின் கதையைச் சொன்னேன். 2004-ல் அந்தச் சட்டத்தையே ரத்து செய்துவிட்டார்கள். அந்த ஆவணிக்கு அதே கிடாவைக் கொண்டுவந்து நிறுத்தினார்கள். குடம் குடமாகத் தண்ணீர் தெளித்தும் அது அசையவில்லை. விடிய விடிய நின்றது. கிழக்கு வெளுக்கும்போது தாத்தா மாலையைக் கழற்றிக் கயிற்றை அவிழ்த்துவிட்டார். அதற்கப்புறம் ஆறு வருஷம் தொழுவத்தில் இருந்தது. பல் விழுந்தபின் பாட்டி கஞ்சியில் தவிடு குழைத்துக் கொடுத்தாள்.

மேளம் மறுபடி தொடங்கியது. மகன் கிடாவையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"அதுக்குப் பேரு என்னப்பா?"

"வெள்ளையன்."

"இதுக்கு?"

எனக்குத் தெரியவில்லை. கூட்டத்தை விலக்கிக்கொண்டு, கயிற்றைப் பிடித்திருந்தவரிடம் கேட்கப் போனேன்.