துட்டு போடு, கேம் வரும்

ராயபுரத்திலிருந்து எண்ணூர் வரைக்கும் இந்தத் தம்பியை எந்த டீக்கடையிலும் பார்க்கலாம். இரண்டு அரியர், முதுகில் லேப்டாப் பை. கேட்டால் 'இண்டி கேம் டெவலப்பர்' என்பான்.

கேம் எங்கே என்று மட்டும் கேட்கக்கூடாது. டிரெய்லர் இருக்கிறது. 1856-இல் திறந்த ராயபுரம் ரயில் நிலையத்தின் தூண்களுக்கு நடுவே கதாநாயகன் ஓடுகிறான், காசிமேட்டில் விசைப்படகு விட்டு விசைப்படகு தாவுகிறான், எண்ணூர் புகைபோக்கியின் உச்சியில் ஏறி நிற்கிறான். பின்னால் வெள்ளைவெளேர் என்று பனிமலை. ரெடிமேடாக வாங்கிய பின்னணியோடு மலையும் ஒட்டிக்கொண்டு வந்துவிட்டது. கேட்டதற்குச் சளைக்காமல் சொன்னான்: "பனி இல்லண்ணா, அனல்மின் நிலையத்துச் சாம்பல்." எண்ணூர்க்காரர் யாரும் மறுத்துப் பேசவில்லை.

இந்தியாவில் இருந்துகொண்டு கிக்ஸ்டார்ட்டர் என்ற ஊர்ப்பணம் திரட்டும் தளத்தில் நேரடியாக உண்டியல் வைக்க முடியாது. வெளிநாட்டில் ஆளும் வங்கிக் கணக்கும் வேண்டும். அதனால் டீக்கடைக் கண்ணாடியில் க்யூஆர் கோடு. 500 ரூபாய் போட்டால் கடைசியில் உங்கள் பெயர் ஓடும். 1,000 போட்டால் கேமில் கடைக்காரராக உங்கள் முகம். 5,000 என்றால் வில்லனின் அடியாள். 10 லட்சம் சேர்ந்தால் படகு பறக்கும். படகு இன்னும் தண்ணீரில்தான் கிடக்கிறது.

தம்பியின் குலதெய்வம் 'ஸ்டார் சிட்டிசன்'. 2012-இல் வசூலை ஆரம்பித்து, 70 கோடி டாலரைத் தாண்டியும் முழு கேம் வரவில்லை. "அவனுங்களே டைம் எடுக்குறானுங்கண்ணா!" 'கொலிகோ கமேலியன்' என்ற கேம் பெட்டிக்கு ஊர்ப்பணம் திரட்டக் கிளம்பியவர்கள் 2016-இல் ஒரு மாதிரியைக் காட்டினார்கள். உள்ளே இருப்பது பழைய சூப்பர் நிண்டெண்டோ என்று ரசிகர்கள் சந்தேகப்பட்டார்கள். அடுத்து வெளியிட்ட படத்தில், கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்தது சிசிடிவி கார்டு! தம்பிக்கு இதில் பெருமூச்சுதான்: "பொட்டியாவது வச்சிருந்தாங்களே." புனேக்காரர்களின் 'ராஜி' 2017-இல் கிக்ஸ்டார்ட்டரில் இலக்கைத் தொடாமல் தோற்று, 2020-இல் கேமாகவே வெளிவந்ததைச் சொன்னால்தான் முகம் சுண்டிப்போகும். துட்டு சேராமலே கேம் வந்தால் தொழில் என்னாவது?

தீபாவளிச் சீட்டு பிடிக்கும் அக்காவிடம் நோட்டு உண்டு. இனிப்பும் பட்டாசும் வராவிட்டால் அவர் வீட்டு வாசலில் நின்று கத்தவும் வழியுண்டு. தம்பியின் ஆபீஸோ 'கிளவுட்'டில் இருக்கிறது. கத்த வேண்டுமானால் அண்ணாந்துதான் கத்த வேண்டும்.

1,000 போட்ட மீன்கார அக்கா ஒருநாள் டிரெய்லரில் தன் கடையைப் பார்த்துவிட்டார். "இன்னாப்பா, வஞ்சிரம் கிலோ இருநூறுன்னு போட்டுக்கிற? எவனாவது இத்தக் காட்டிக் கேட்டா நீயா வந்து குடுப்ப?"

தம்பி அன்று ராத்திரி கண்விழித்து உழைத்தான். விடிந்ததும், பணம் போட்ட அத்தனை பேருக்கும் வாட்ஸ்அப்பில் முதல் அறிக்கை வந்தது: 'வெர்ஷன் 0.2. வஞ்சிரம் விலை 1,200 ஆகத் திருத்தப்பட்டுள்ளது.'