சாய்வியல்

தொல்காப்பியர் எழுத்ததிகாரத்துக்கு ஒன்பது இயல் வகுத்தார். எழுத்து எங்கே பிறக்கிறது, எதனோடு புணர்கிறது, எங்கே மயங்குகிறது எல்லாம் அதில் உண்டு. எழுத்து தடித்து வலப்பக்கம் சாய்ந்தால் என்ன ஆகும் என்பதற்கு ஒரு நூற்பாகூடக் கிடையாது. அவர் காலத்தில் கடலூர்–சிதம்பரம் சாலையில் ஃப்ளெக்ஸ் பேனர் கட்டாததே இதற்குக் காரணம் எனக் கொண்டு, விடுபட்ட பத்தாம் இயலை இங்கே எழுதுகிறோம்.

முதலில் காட்சி எழுத்தின் இலக்கணம். எழுத்து கொழுத்திருக்க வேண்டும், சாய்ந்திருக்க வேண்டும், கோடு ஓரிடத்தில் பருத்து ஓரிடத்தில் மெலிந்து, நுனியில் சின்னதாக ஒரு பாதம் ஊன்றி முடிய வேண்டும். படிக்கப்படுவதைவிடப் பார்க்கப்படுவதே அதன் வேலை. டிடிபி கடைக்கு வருபவர் இத்தனையையும் “நல்லா போல்டா, இட்டாலிக்ல, ஸ்டைலா போட்டுடுங்க” என்று முடித்துவிடுகிறார். நூற்பா என்றால் அதுதான்.

மேல்நாட்டில் சாய்வு படிப்பாளிகளிடம் பிறந்தது. 1501-இல் வெனிஸில் ஆல்டஸ் மனூட்டியஸ் கைக்கு அடக்கமான வெர்ஜில் பதிப்பைச் சாய்வெழுத்தில் அச்சிட்டார். எழுத்தை வெட்டியவர் பிரான்செஸ்கோ கிரிஃபோ. தடிப்புக்கு அத்தனை கௌரவமான பிறப்பு இல்லை. 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் லண்டன் லாட்டரிச் சுவரொட்டிகளில் தின்று பருத்தது அது. நம் பக்கத்தில், சிதம்பரத்துக்குத் தெற்கே தரங்கம்பாடியில் இறங்கிய பாதிரியார் சீகன்பால்குவுக்காக ஜெர்மனியின் ஹாலே நகரத்திலிருந்து 1713-இல் வந்த தமிழ் எழுத்துகள் நிமிர்ந்தே நின்றன. ஈயக்கட்டை நேர்ச் செவ்வகம். அதில் எழுத்தைச் சாய்த்தால் கொம்பு பக்கத்துக் கட்டைமேல் தொங்கும். அழுத்தி அச்சடித்தால் ஒடியும். கம்ப்யூட்டருக்கு இந்தக் கவலை இல்லை. கூகுளின் நோட்டோ செரிஃப் தமிழ் எழுத்துருவில் தடிப்பும் சாய்வும் சேர்ந்தே கிடைக்கின்றன. ஆனாலும் ஊர்க் கடைகளில் நேரெழுத்தைக் கோரல் டிராவில் பிடித்து இழுத்துச் சாய்ப்பதைத்தான் நம்புகிறார்கள்.

காட்சி எழுத்தின் ஆட்சி எல்லையை அளக்கும் முறை கடலூருக்குப் புதிதல்ல. 1690-இல் கிழக்கிந்தியக் கம்பெனி தேவனாம்பட்டினம் கோட்டையை மராட்டியரிடம் வாங்கியபோது, கோட்டையிலிருந்து சுடும் குண்டு போய் விழும் தூரம்வரை நிலமும் சேர்த்தி என்று பேச்சு. கம்பெனிக்காரர்கள் இருப்பதிலேயே நல்ல பீரங்கியாகத் தேடி வைத்துச் சுட்டார்கள். உள்ளே அகப்பட்ட ஊர்கள் குண்டு கிராமங்கள் ஆயின. பேனரும் அப்படித்தான். எவ்வளவு தூரத்திலிருந்து பெயரைப் படிக்க முடிகிறதோ, அவ்வளவு தூரமும் அண்ணனுடையது.

‘அண்ணன்’ என்ற சொல்லைச் சற்று நெருங்கிப் பார்க்க வேண்டியிருக்கிறது. பேனர் மொழியில் அது இல்லாமல் ஒரு வாக்கியமும் நகராது. மூன்று சுழி, மூன்று சுழி, இரண்டு சுழி: ஆக எட்டுச் சுழி. எழுத்தைத் தடிக்கவிட்டால் முதலில் மூச்சு முட்டுவது இந்தச் சுழிகளுக்குத்தான். இன்னும் கொஞ்சம் தடித்தால் மூன்று சுழிக்கும் இரண்டு சுழிக்கும் வேறுபாடு போய் வரிசையாக உளுந்து வடை. பிறகு சாய்க்கிறார்கள். சாய்வின் இயற்பியல் எளிது: அடி அசையாது, மேலே இருப்பது அதிகம் நகரும். எல்லாவற்றுக்கும் மேலே இருப்பது புள்ளி. ஆகவே ‘ண்’ தன் புள்ளியைப் பக்கத்து ‘ண’வின் தலையை நோக்கித் தள்ளிவிடுகிறது. புள்ளி யாருக்குச் சொந்தம் என்று பட்டா பார்த்துத்தான் சொல்ல வேண்டும். கடைசி ‘ன்’னின் புள்ளிக்கு இந்தத் தகராறு இல்லை, அது காலி இடத்தில் மிதந்து அண்ணன் படத்தின் காதோரம் போய் நிற்கும். ஓலையில் எழுதிய முன்னோர் இதை முன்பே யோசித்தவர்கள் போலும். எழுத்தாணி குத்தினால் ஓலை கிழியும் என்று சொல்லிப் புள்ளியையே விட்டுவிட்டார்கள். சிதம்பரத்தில் கரையான் தின்றதுபோக மிஞ்சியதாகச் சொல்லப்படும் தேவார ஏடுகளில் வேறு எந்த இழப்பு இருந்தாலும் புள்ளி எல்லைத் தகராறு இருந்திருக்காது.

இனி, எது சாயலாம்? கபடிப் போட்டி சாயும். தலைவர் வருகை சாயும். அட்மிஷன் நடைபெறுகிறது என்பது சாயும். கோர்ட் சாயாது, வங்கிப் பெயர் சாயாது, கண்ணீர் அஞ்சலி பெரும்பாலும் சாயாது. ‘உடனடி நகைக்கடன்’ மஞ்சளில் தடித்துச் சாய்ந்து ஓடிவரும். அதே நகையின் ‘ஏல அறிவிப்பு’ நாளிதழின் உள்பக்கத்தில் பொடி எழுத்தில் விறைப்பாக நிற்கும். அசைவது சாயும், அசையாதது நிமிரும் என்று இதிலிருந்து ஒரு விதி வகுக்கத் தோன்றும்.

அந்த விதி சிதம்பரத்தில் உடைகிறது. நடராசர் கோயிலின் கிழக்குக் கோபுர வாசலில் 108 கரணங்கள் செதுக்கப்பட்டிருக்கின்றன. இடுப்பு ஒடிகிறது, முழங்கால் மடங்குகிறது, ஒரு கால் தலைக்கு மேலேயே போகிறது. கூடவே கிரந்தத்தில் பொறித்த நாட்டிய சாத்திர வரிகள் மட்டும் நேராக நிற்கின்றன. உலகமே ஆடும் இடத்தில் எழுத்து ஆடவில்லை. ஆகவே விதியைத் திருத்துகிறோம்: தானாக அசையாதவற்றுக்குத்தான் எழுத்து சாய்ந்து கொடுக்க வேண்டியிருக்கிறது.

சான்று, கடலூரிலிருந்து சிதம்பரம் போகும் தனியார் பேருந்துகள். பக்கவாட்டில் சாய்ந்த தடித்த எழுத்தில் ‘எக்ஸ்பிரஸ்’ என்று இருக்கும். ஆலப்பாக்கம், புதுச்சத்திரம், பி.முட்லூர் என்று கை காட்டிய இடமெல்லாம் நிற்கும். இதில் ஒரு நுட்பம் உண்டு. எழுத்து எப்போதும் வலப்பக்கமே சாயும். டிரைவர் பக்கத்திலிருந்து பார்த்தால் வண்டியின் முகம் நமக்கு வலப்புறம். எழுத்து முன்னால் பாய்கிறது. படிக்கட்டுப் பக்கத்தில் முகம் இடப்புறம். அதே எழுத்து பின்னால் சரிந்து, பிரேக் போட்ட மாதிரி நிற்கிறது. நாம் இடப்பக்கம் வண்டி ஓட்டுகிறவர்கள் ஆகையால், நிறுத்தத்தில் மூட்டையோடு காத்திருப்பவர் கண்ணில் படுவது இந்தப் பிரேக் போட்ட ‘எக்ஸ்பிரஸ்’தான். அது பாய்ந்து போவதைப் பார்க்கும் பாக்கியம், எதிர்ச் சாரியில் கடலூர் வண்டிக்காக நிற்பவருக்கு.