முட்டிக்கு நாள் நட்சத்திரம் தெரியும்

பாலாறு, செய்யாறு, வேகவதி மூன்றும் கூடுகிற இடம் திருமுக்கூடல். நம் பெரியவர் வீட்டுத் திண்ணையிலும் மூன்று கூடும்: நொச்சித்தழை, விளக்கெண்ணெய், வலித் தைலம். தெருமுனை திரும்பும்போதே மூக்கு சொல்லிவிடும், ஐயா வீட்டில்தான் இருக்கிறார் என்று.

எழுபதைத் தாண்டியவர். சிறு வயதிலேயே குழித்தறியில் கால் தொங்கப்போட்டு உட்கார்ந்தவர். பிள்ளைகளுக்குக் கல்யாணம் முடிகிற வரைக்கும் மிதித்த மிதி கொஞ்சமல்ல. "மிதிக்கிற வரைக்கும் கால் மிஷின் மாதிரி இருந்திச்சிப்பா. தறிய விட்டு மேல ஏறுனேன், அன்னிக்கே புடிச்சிக்கிச்சி" என்பார். நோயையும் மருந்தையும் ஒரே மூச்சில் சொல்லிவிட்டார் என்பது அவருக்குத் தெரியாது. தெரிவிக்க நினைப்பவர்கள் மத்தியானச் சாப்பாட்டை முடித்துக்கொண்டு போவது நல்லது.

அவருடைய முட்டி சாதாரண முட்டியல்ல, இடம் பொருள் அறிந்தது. ரேஷன் கடைக்கு என்றால் வலிக்கும். மாவு அரைத்து வர என்றால் மடங்கவே மடங்காது. எதிர்வீட்டில் ஒரு லோடு செங்கல் இறங்கட்டும், ஆள் பறந்துவிடுவார். நூல் பிடித்துப் பார்த்து, கொத்தனாரிடம் மூலைமட்டம் தப்பு என்று சொல்லி, அவர் கரண்டியைக் கீழே போடும்வரை நின்றபடியே நிற்பார். திரும்பி வந்து திண்ணையில் சாய்ந்ததும், "அப்பா, முட்டி!"

இந்த முட்டிக்குச் சரித்திர ஆதாரமும் உண்டு. திருமுக்கூடல் அப்பன் வெங்கடேசப் பெருமாள் கோயில் சுவரில் வீரராசேந்திர சோழன் காலத்துக் கல்வெட்டு இருக்கிறது; 11-ஆம் நூற்றாண்டு. கோயிலைச் சேர்ந்த கல்விச்சாலையும், 'வீரசோழன்' என்று பெயர் வைத்த 15 படுக்கை ஆதுலர்சாலையும், அதாவது ஆஸ்பத்திரியும், அதில் வருகின்றன. மருத்துவர் பெயர் கோதண்டராமன் அசுவத்தாமப் பட்டன். அறுவை செய்ய வேறொருவர். மருந்து காய்ச்சவும் நோயாளியைப் பார்த்துக்கொள்ளவும் பெண்கள். இத்தனைக்கும் நெல் அளந்து கொடுத்த கணக்கு. இருப்பிலிருந்த மருந்துப் பட்டியலில் பூண்டும் ஆமணக்கும் சேர்ந்த ஒரு தைலம் வருவதை யாரோ ஒரு கல்லூரி வாத்தியார் இவரிடம் சொல்லித் தொலைத்துவிட்டார். அன்று முதல் வீட்டில் சாம்பாருக்குப் பூண்டு மிஞ்சுவதில்லை. "தோ பாரு, ராஜா எழுதி வெச்ச சீட்டு இது. ஒங்க டாக்டருங்க எழுதறது மெடிக்கல் காரனுக்கே புரியல."

கல்வெட்டு பார்க்க வெளியூர் ஆட்கள் வந்தால் கூட்டிப்போய்க் காட்டுவது அவர்தான். கல்வெட்டு 55 வரி, அவர் விளக்கம் அதற்கு மேல். வந்தவர்கள் கால் மாற்றிக் கால் மாற்றி நின்று, கடைசியில் படியில் உட்கார்ந்துவிடுவார்கள். அவர் உட்கார்ந்ததாகத் தகவல் இல்லை.

ஸ்ரீபெரும்புதூர்க் கம்பெனியில் வேலைபார்க்கும் பேரன், அடி எண்ணும் கைக்கடிகாரம் ஒன்று வாங்கி வந்து கட்டிவிட்டான். நாளுக்குப் பத்தாயிரம் அடி, தாத்தா. அந்தப் பத்தாயிரம் ஒன்றும் வைத்தியர்கள் கூடி முடிவுசெய்த கணக்கல்ல. 1965-ல் ஜப்பானில் ஒரு கம்பெனி, தான் விற்ற அடி எண்ணும் கருவிக்கு வைத்த பெயர்தான் அது. 2023-ல் நம் அரசு 'நடப்போம் நலம் பெறுவோம்' என்று மாவட்டந்தோறும் 8 கிலோமீட்டர் நடைபாதை குறித்ததும் ஏறக்குறைய அதே கணக்குதான். பெரியவர் தன் பங்கைச் சுலபமாக முடித்தார். கரண்டு போன ஒரு மத்தியானம் பனையோலை விசிறியை வீசிக்கொண்டே படுத்திருந்தார். கடிகாரம் பாவம், கை ஆடியதையெல்லாம் நடை என்று நம்பிவிட்டது. சாயங்காலம் பேரன் போனில் பாராட்டினான். "என்னாமோடா, ஒடம்பு அசதியா கீது" என்றார்.

மாட்டுப் பொங்கல் வந்தால்தான் அவருடைய சுயரூபம் தெரியும். காஞ்சிபுரம் வரதராஜப் பெருமாள் பார்வேட்டைக்கு அக்கரையில் பழைய சீவரம் மலைக்கு எழுந்தருள்கிற நாள். விடிகாலையில் இந்த ஆளைத் திண்ணையில் தேடினால் கைத்தடி மட்டும் இருக்கும். ஆற்றைக் கடந்து, மலை ஏறி, சேவித்து, இறங்கி, பெருமாளோடு திருமுக்கூடலுக்குத் திரும்பி, கூட்டத்தில் புளியோதரைத் தொன்னையும் வாங்கிவிட்டிருப்பார். மறுநாள் கேட்டால், "நானா நடந்தேன்? அவன் இழுத்துக்கினு போனான்." 65 வயதுக்கு மேற்பட்டவர்கள் வாரத்துக்கு 150 நிமிஷமாவது உடம்பை அசைக்கணும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். ஒரு வாரக் கணக்கை ஒரே பகலில் தீர்த்துவிட்டு, ஆறு நாள் தைலத்தில் ஊறுவது நம்மவர் முறை.

உள்ளே ஒரு பாட்டியம்மா இருக்கிறார். மூட்டுத் தேய்மானம் ஆண்களைவிடப் பெண்களுக்குத்தான் அதிகம் என்பது மருத்துவர்கள் எல்லோரும் சொல்வது. இந்த வீட்டிலும் அப்படித்தான். ஆனால் பாட்டியின் முட்டிக்குத் திண்ணையும் இல்லை, கல்வெட்டும் இல்லை. குந்தி உட்கார்ந்து கோலம், ராட்டையில் தார் சுற்றல், தண்ணீர்க் குடம் என்று அது பாட்டுக்கு ஓடிக்கொண்டிருக்கிறது. எழும்போது சுவரைப் பிடிப்பதை நான் பார்த்திருக்கிறேன். கடிகாரத்தை அந்தக் கையில் கட்டியிருந்தால் ஜப்பான்காரனுக்கே கணக்கு முட்டியிருக்கும்.

'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் இயன்முறை மருத்துவப் பெண் ஒருத்தி வீட்டுக்கே வருகிறாள். போன தடவை அவள் ஒரு நாற்காலியைப் போட்டு, "தாத்தா, கையை ஊனாம பத்து தடவை எழுந்து எழுந்து உக்காருங்க. தொடைச் சதைக்கு பலம் வந்தா முட்டிக்குச் சுமை கொறையும்" என்றாள்.

"பத்தா? இன்னாம்மா, தறியில பத்தாயிரம் மிதி மிதிச்சவன நாற்காலியில ஒக்காத்தி வெச்சிப் பரீட்சை வெக்கிற?"

"மிதிச்சவரு தானே, எழுந்திரிங்க."

உஸ்ஸ் என்று மூச்சு விட்டு, பெருமாளே என்று முனகி, ஒருவழியாய் எழுந்தார். அந்த நேரம் பார்த்து வாசலில் ஒரு கார் நின்றது. கண்ணாடியை இறக்கி ஒருவர், "ஐயா, இங்க ஏதோ ஆஸ்பத்திரிக் கல்வெட்டு இருக்காமே?" என்றார்.

செருப்புச் சத்தம் கோயில் பக்கம் போய்த் தேய்ந்த பிறகும், அந்தப் பெண் பேனாவும் படிவமுமாக நாற்காலியையே பார்த்துக்கொண்டிருந்தாள். "எத்தனை தடவை எழுந்தாருன்னு எழுதறது பாட்டி?"

"ஒண்ணுன்னு போடும்மா" என்றார் பாட்டி, தார் சுற்றுவதை நிறுத்தாமல். "இனிமே ராத்திரிச் சோத்துக்குத்தான் ஒக்காருவாரு."