கோடா, நட்சத்திரமா?

கேள்வி: எங்கள் மென்பொருள் கையேட்டில் பட்டியலுக்கு ஒருவர் கோடு போடுகிறார், இன்னொருவர் நட்சத்திரம் போடுகிறார். திரையில் இரண்டும் ஒன்றாகத்தானே தெரிகிறது? (வேடசந்தூர் வாசகர்)

பதில்: மார்க்டவுன் என்னும் குறிமுறையில் இரண்டுமே புள்ளியாகத்தான் தெரியும், படிப்பவருக்கு நஷ்டமில்லை. சரிபார்ப்பவருக்குத்தான் நஷ்டம். ஒரு வரியைத் திருத்த வந்த நட்சத்திரக்காரர், போகிற போக்கில் 40 கோடுகளையும் நட்சத்திரமாக்கினால் திருத்தங்களைக் கணக்கு வைக்கும் ‘கிட்’ 41 மாற்றங்களைக் காட்டும். நிஜமாகத் திருத்திய அந்த ஒரு வரியில் பிழை இருந்தால் யார் கண்ணில் படும்? இரண்டில் எதை வைத்தாலும் சரி, ஒன்றை மட்டும் வையுங்கள்.

கேள்வி: பூட்டுக்குப் பேர்போன ஊர் நம் திண்டுக்கல். கையேட்டு விதிகளுக்கும் ஒரு பூட்டுப் போட முடியாதா? (பேகம்பூர் வாசகர்)

பதில்: தாராளமாக. சி நிரல்களில் சந்தேகமான இடங்களைச் சுட்டிக்காட்ட, பெல் ஆய்வகத்தின் ஸ்டீபன் ஜான்சன் 1978-இல் ‘லின்ட்’ என்ற கருவியைக் கொண்டுவந்தார். அந்த வழியில் மார்க்டவுனுக்கு வந்ததுதான் ‘மார்க்டவுன்லின்ட்’. ஒவ்வொரு மாற்றமும் சேருமுன் அது ஓடட்டும். தேறாத பக்கம் உள்ளே வரக்கூடாது. 2019-இல் புவிசார் குறியீடு பெற்ற நம் பூட்டுக்குப் பெருமை, ஒன்றின் சாவி இன்னொன்றுக்குச் சேராது என்பது. கையேட்டுக்கு வேண்டியது நேரெதிர்: யார் எழுதிய பக்கமும் ஒரே சாவியில் திறக்க வேண்டும்.

கேள்வி: எந்திரம் எதற்கு? அனுபவசாலி ஒருவரே எல்லாவற்றையும் திருத்தினால் போதாதா? (நிலக்கோட்டை வாசகி)

பதில்: அவர் ஆயுள் காற்புள்ளியிலேயே கழிந்துவிடும். கூட இருப்பவர் குறை சொன்னால் மனம் நோகும். எந்திரம் சொன்னால் யாரும் முகம் சுளிப்பதில்லை. படிகள் சரியா, புதிதாக வந்தவருக்குப் புரியுமா என்று அந்த அனுபவசாலி பார்க்கட்டும். அதற்கு மனிதர்தான் வேண்டும்.

கேள்வி: எழுத்து சின்னதாக, அழகாக இருக்கிறதென்று முதல்நிலைத் தலைப்பை அடுத்து நான்காம்நிலைத் தலைப்பை வைத்தேன். தப்பா? (ஒட்டன்சத்திரம் வாசகர்)

பதில்: தப்புதான். பார்வையற்றவர்கள் பலர் திரைவாசிப்பானில் தலைப்பு தலைப்பாகத் தாவியே பக்கத்தை அறிகிறார்கள். நடுவில் இரண்டு நிலைகள் இல்லையென்றால், எதையோ தவறவிட்டோம் என்று தேடுவார்கள். அளவை வடிவமைப்பில் மாற்றுங்கள்.

கேள்வி: தமிழில் கையேடு எழுதுகிறோம். கண்ணெதிரே இருக்கிற சொல், தேடினால் சிக்குவதில்லை! (சின்னாளபட்டி மாணவி)

பதில்: தமிழ்க் கையேடுகளின் பெரிய தலைவலி இது. 2010-இல் தமிழ்நாடு அரசு யுனிகோடை ஏற்றது நல்ல காரியம். ஆனால் யுனிகோடுக்குள்ளேயே ‘கொ’வை இரண்டு விதமாக எழுதலாம்: ஒகரக் குறியை ஒரே குறியீடாக இடலாம், கொம்பையும் காலையும் தனித்தனியாகவும் இடலாம். பார்வைக்கு ஒன்றுதான், நேரடியாக ஒப்பிடும் தேடலுக்கு இரண்டும் வேறு. ‘என்எஃப்சி’ என்ற சீராக்கத்தைக் கட்டாயமாக்கினால் இது தீரும்.

‘ஔவையார்’ விஷயம் அப்படித் தீராது. பலர் ‘ஒ’ போட்டு அடுத்து ‘ள’ போட்டு ‘ஒளவையார்’ என்று எழுதுகிறார்கள். கணினிக்கு அவை இரண்டு தனி எழுத்துகள். எந்தச் சீராக்கமும் சேர்த்து வைக்காது. கண்ணை மூடிக்கொண்டு எல்லா இடத்திலும் மாற்றினால் ‘ஒளி’யும் ‘ஒளிவு’ம் கெட்டுப்போகும். ஆகவே எந்திரம் சுட்டிக்காட்டட்டும், தமிழ் தெரிந்தவர் முடிவெடுக்கட்டும். உங்கள் விதிப் பட்டியலில் இவ்விரண்டையும் முதலில் எழுதுங்கள், தங்கச்சி.