சிறப்பு மதிய உணவுக்குப் பிரெஞ்சு உணவகம் தெரிவு செய்தல்: ஆவடிக் குடும்பங்களை முன்வைத்து ஓர் ஆய்வு

கல்யாண நாள் வெள்ளிவிழா, அறுபதாம் பிறந்தநாள், பையனுக்கு வேலை கிடைத்தது. இவற்றில் ஏதோ ஒன்றை முன்னிட்டு ஆவடிவாசி ஒருவர் காரை எடுத்துக்கொண்டு பாண்டிச்சேரிக்குப் போய், ஒயிட் டவுனில் நல்ல பிரெஞ்சு உணவகமாகப் பார்த்து மதியம் சாப்பிடுவதென்று முடிவெடுக்கிறார். எந்த உணவகம் என்பதை எதைக்கொண்டு தீர்மானிக்கிறார் என்பதே இவ்வாய்வின் பொருள். இத்துறையில் நூல்கள் பெருகவில்லை. சாப்பிட்டவர்கள் எழுதுவதில்லை, எழுதுகிறவர்களை யாரும் கூட்டிப்போவதில்லை.

முன்னோடி நூலென்று சிறுபாணாற்றுப்படையைக் கொள்ளலாம். நல்லூர் நத்தத்தனார் வழிசொல்லும்போதே சாப்பாட்டையும் சொல்லிவிடுகிறார். எயிற்பட்டினத்தில் பழைய தேறலும் சுட்ட மீனும், வேலூரில் புளிச்சோறும் ஆமான் இறைச்சியும், ஆமூரில் வெண்சோறும் நண்டும், முடிவில் நல்லியக்கோடன் அரண்மனை விருந்து. எயிற்பட்டினம் இன்றைய மரக்காணம் என்றும், நல்லியக்கோடனின் கிடங்கில் திண்டிவனத்தை ஒட்டியது என்றும் அறிஞர் கொள்வர். ஆக, ஆவடிக் கார் பாண்டிக்குப் போகும் அதே வட்டாரம். ஆனால் நூலில் பார்க்கிங் பற்றி ஒரு சொல்லும் இல்லை. பாணர்கள் நடந்தே போனார்கள். பில் பற்றியும் இல்லை. சாப்பாட்டோடு தேரும் கொடுத்து அனுப்பிய மன்னனிடம் ஜிஎஸ்டி கேட்பது எப்படி?

அடுத்த முக்கிய நூல் பிரான்சில் 1900இல் வந்தது. மிஷெலின் சகோதரர்கள் விற்றது டயர். அப்போது அந்நாட்டில் இருந்த கார்கள் மூவாயிரத்தைத் தொடாது. ஜனம் ஊர்சுற்றினால்தானே டயர் தேயும் என்று கணக்குப் போட்டு, வழிகாட்டிப் புத்தகம் ஒன்றை இலவசமாகக் கொடுத்தார்கள். 1926இல் நல்ல உணவகத்துக்கு நட்சத்திரம் போடத் தொடங்கி, 1931இல் அதை மூன்றுவரை கொண்டுபோனார்கள். மூன்று நட்சத்திரம் என்றால், அங்கே சாப்பிடுவதற்காகவே ஒரு பயணம் போகலாம். இந்தியாவில் அவர்கள் நட்சத்திரம் வழங்குவதில்லை. டயர் மட்டும் செய்கிறார்கள், அதுவும் நம் திருவள்ளூர் மாவட்டத்துத் தேர்வாய்கண்டிகையில். ஆவடியின் நிலைமை இன்னும் பரிதாபம். 1961இல் இங்கே நிறுவப்பட்ட டேங்க் ஃபேக்டரி தயாரிக்கிற வண்டிகளுக்கு டயரே கிடையாது, எல்லாம் இரும்புச் சங்கிலிப் பட்டை. இப்படிப்பட்ட ஊரை எந்த டயர் கம்பெனி மதித்து நட்சத்திரம் போடும்?

வழிகாட்டி இல்லாத நிலையில் ஆவடிக் குடும்பம் பின்பற்றும் விதியை நாம் கண்டறிந்துள்ளோம்: காரில் இருப்பவர்களில் யார் மிகக் குறைவாகச் சாப்பிடுவாரோ, உணவகத்தை அவரே தேர்ந்தெடுக்கிறார். சனிக்கிழமை கவுச்சி தொடாத பெரியம்மா ஒருவர் பின்சீட்டில் இருந்தால் போதும், பூயாபேஸ் என்கிற மார்செய் மீன் சூப்புக்குப் பேர்போன கடை பட்டியலிலிருந்து உதிர்ந்துவிடும். முட்டி வலிக்காரர் இருந்தால் மாடி உணவகம் போச்சு. மருமகளுக்கு முற்றம் வேண்டும், போட்டோவுக்கு. மாப்பிள்ளை ஆசைப்பட்ட இடத்தைப் பற்றி யாரும் கேட்கவே இல்லை, அவர்தான் வண்டி ஓட்டுகிறார். கடைசியில் எஞ்சுவது எதுவோ அதுவே சிறந்த உணவகம். தெரிவு என்று நாம் சொல்வது உண்மையில் கழிவு.

இதற்கிடையே ஜி.எஸ்.டி. ரோடு ஒரு பெரும் இடையூறு. வெளிவட்டச் சாலையில் நெமிலிச்சேரியருகே ஏறி வண்டலூரில் இறங்கும்வரை குடும்பம் கட்டுப்பாட்டோடு இருக்கிறது. பரனூர் டோல்கேட் தாண்டியதும் 'கும்பகோணம் டிகிரி காபி' போர்டுகள் வரிசைகட்டுகின்றன. காபி மட்டும் என்று இறங்குகிறவர்கள் பொங்கல், வடை, இரண்டாவது வடை என்று முன்னேறுகிறார்கள். பிரெஞ்சு மதிய உணவின் முதல் தேவை பசி. அது அச்சிறுபாக்கத்துக்கு முன்பே தீர்ந்துவிடுகிறது.

பாண்டியில் பெரிய வாய்க்காலைத் தாண்டி சஃப்ரேன் வீதி, ரோமன் ரோலன் வீதி, துமா வீதிப் பக்கம் வந்தபின் ஆய்வு வாசற்படிக்கு நகர்கிறது. உணவுப் பட்டியலையும் விலையையும் வெளியே வைக்கவேண்டும் என்பது பிரான்சில் சட்டம். இங்கேயும் சில வாசல்களில் பலகை நிற்கிறது. அதை ஆவடிக் குடும்பம் வலமிருந்து இடமாக வாசிக்கிறது. முதலில் தொகை, பிறகு பதார்த்தம், பதார்த்தம் புரியாவிட்டால் மறுபடி தொகை. இந்நேரத்தில் வெள்ளைச் சட்டைப் பணியாளர் வந்து "வாங்க சார், உள்ள ஏசி இருக்கு" என்று தமிழில் சொன்னால் விவாதம் அத்தோடு முடிந்தது. நாக்கு, மூக்கு, நட்சத்திரம் எதுவும் அந்த ஒரு வாக்கியத்துக்கு ஈடில்லை.

உள்ளே நடந்தவற்றில் ஒன்றை மட்டும் பதிவு செய்கிறோம். ராட்டட்டூயி என்று வந்த தட்டைப் பெரியம்மா முகர்ந்து பார்த்துவிட்டு, "கத்திரிக்கா கொத்சுதானே, சாதம் எங்கடா?" என்றார். அடுத்து மாப்பிள்ளையின் மீன் சாஸிலிருந்து ஒரு வாசனை எழுந்தது. பெரியம்மா நிமிர்ந்து உட்கார்ந்தார். "இதுல தாளிப்பு வடகம் போட்டிருக்கான்." பணியாளர் அது பிரெஞ்சு சமையல்காரர்கள் விரும்பும் 'வதுவான்' மசாலா என்று விளக்கினார். சின்ன வெங்காயம், பூண்டு, கடுகு, உளுந்து, வெந்தயம் இடித்து, விளக்கெண்ணெய் தடவி உருட்டி, மொட்டைமாடியில் நாள்கணக்கில் காயவைத்த அந்தச் சரக்குதான் பாண்டி வழியாகக் கப்பலேறி பிரெஞ்சு மசாலாவாகிவிட்டது. விலை சொன்னதும், ஆவடியில் தன்னிடம் ஒரு பிளாஸ்டிக் டப்பா நிறைய இருப்பதாகப் பெரியம்மா அறிவித்தார். பணியாளர் அவரைப் பார்த்த பார்வையில் அதன்பின் ஒரு மரியாதை இருந்தது. சாதமும் வந்தது.

பில் விஷயத்தில் வரலாறு உதவுகிறது. 1954 நவம்பர் 1 அன்று பிரெஞ்சு நிர்வாகம் பாண்டியை இந்தியாவிடம் ஒப்படைத்தது. அடுத்த ஜனவரியிலேயே ஆவடியில் காங்கிரஸ் மாநாடு கூடி, சோஷலிச பாணி சமுதாயமே லட்சியம் என்று தீர்மானம் போட்டது. ஆகவே, பிரெஞ்சு சாப்பாட்டின் செலவைச் சகலைகள் சமமாகப் பங்கிடவேண்டும் என்பது ஆவடிக்காரர்களின் வாதம். அம்பத்தூர்ச் சகலை இத்தீர்மானத்துக்குக் கட்டுப்பட்டவர் அல்லர். கழிப்பறைக்குப் போனவர் பில் கட்டும்வரை திரும்பவில்லை.

எதிர்கால ஆய்வாளர்களுக்கு ஒரு சிக்கலை விட்டுச்செல்கிறோம். மேசையில் மிஞ்சியது கொக்கோவான், அதாவது ஒயினில் கோழியைப் போட்டுப் பொறுமையாக வேகவைத்தது. காசு கொடுத்ததை விடக்கூடாது என்று பார்சல் கட்டியாயிற்று. பாண்டிச் சரக்கு தமிழ்நாட்டுக்குள் நுழையாமலிருக்க எல்லைச் சோதனைச்சாவடியில் டிக்கியைத் திறக்கச் சொல்வது வழக்கம். திறந்தால் அந்தப் பொட்டலத்தைப் போலீஸ்காரர் கோழிக் கணக்கில் எழுதுவாரா, சரக்குக் கணக்கில் எழுதுவாரா?