கொஞ்சம் நகர்ந்து உட்காருங்க!

மிச்சிகன் மாநிலத்து ஆன் ஆர்பர் நகரின் மக்கள்தொகை ஏறத்தாழ 1,20,000. அந்த ஊர்ப் பல்கலைக்கழகத்தின் ஃபுட்பால் ஸ்டேடியத்தில் 1,07,601 பேர் உட்காரலாம். கைக்குழந்தைகளையும் படுத்த படுக்கையாகக் கிடப்பவர்களையும் கழித்துவிட்டால் ஊரே உள்ளே வந்துவிடும். தெருவைக் காவல் காக்க நாலு போலீஸ்காரர் மிஞ்சினால் பெரிது. இவ்வளவு பெரிய ஸ்டேடியத்தை வைத்துக்கொண்டு, ‘இன்னும் கொஞ்சம் இடம் போடலாமா?’ என்று அந்தப் பல்கலைக்கழகம் கிட்டத்தட்ட நூறு ஆண்டுகளாக யோசித்துவந்திருக்கிறது. படித்தவர்கள் நிறைந்த இடம். யோசனை அவ்வளவு சீக்கிரம் முடியுமா?

கதை ஃபீல்டிங் யோஸ்ட் என்ற மனிதரில் தொடங்குகிறது. முட்டை வடிவப் பந்தை இடுக்கிக்கொண்டு பதினொரு பேர் பதினொரு பேரை முட்டித் தள்ளும் இந்த ஆட்டத்துக்குக் கோச்சாக 1901-ல் மிச்சிகன் வந்து சேர்ந்தார். முதல் சீசனில் அவருடைய அணி எடுத்த புள்ளிகள் 550. எதிரணிகள் எல்லாம் சேர்ந்து எடுத்தது பூஜ்யம். 1902 புத்தாண்டு அன்று கலிஃபோர்னியாவில் ஸ்டான்ஃபோர்டோடு ஆடியபோது ஆட்டம் முடிய எட்டு நிமிடம் இருந்தது. கணக்கு 49–0. ‘போதும் ஐயா, வீட்டுக்குப் போகிறோம்’ என்று ஸ்டான்ஃபோர்டு அணித் தலைவரே வந்து கேட்டுக்கொண்ட பிறகுதான் நிறுத்தினார்கள். எதிலும் போதும் என்று சொல்லத் தெரியாத இந்த மனிதரிடம்தான் 1921-ல் பல்கலைக்கழகத்தின் விளையாட்டுத் துறை முழுவதையும் தூக்கிக் கொடுத்தார்கள்.

அப்போது மிச்சிகன் ஆடிக்கொண்டிருந்தது ஃபெர்ரி ஃபீல்டு என்ற மைதானத்தில். முக்கித் தக்கி 45,000 பேர் அடங்குவார்கள். நல்ல மைதானம்தான். ஆனால் முதல் உலகப் போர் முடிந்த கையோடு, பக்கத்து மாநிலக் கல்லூரிகளுக்கெல்லாம் கான்கிரீட் ஆசை பிடித்துவிட்டது. 1922-ல் ஒஹையோ ஸ்டேட் பல்கலைக்கழகம் 66,000 பேருக்கு ஒரு ஸ்டேடியம் கட்டிப் பரம எதிரியான மிச்சிகனையே திறப்பு விழா ஆட்டத்துக்கு அழைத்தது. இவ்வளவு பெரிய தொட்டியை எவன் வந்து நிரப்பப் போகிறான் என்று அந்த ஊரிலேயே பேசியவர்கள் உண்டு. மிச்சிகன் கிரகப்பிரவேசத்துக்குப் போய், 19–0 என்று வீட்டுக்காரரை அடித்துவிட்டு வந்தது. ஆட்டத்தில் ஜெயித்தாலும் யோஸ்ட்டுக்குத் தூக்கம் போயிற்று. ஒஹையோக்காரனிடம் 66,000, நம்மிடம் 45,000!

1924-ல் இல்லினாய் பல்கலைக்கழகமும் தன் புது ஸ்டேடியத்தை அர்ப்பணிக்கும் நாளில் மிச்சிகனைத்தான் அழைத்தது. இந்த முறை வீட்டுக்காரர் முந்திக்கொண்டார். ரெட் கிரேஞ்ச் என்ற இளைஞர் முதல் பந்தையே வாங்கிக்கொண்டு 95 யார்டு ஓடினார். முதல் 12 நிமிடத்துக்குள் நான்கு டச் டவுன், அதாவது பந்தோடு எதிரணியின் கடைசிக் கோட்டைத் தாண்டுவது. முடிவில் 39–14. அடுத்தவன் கட்டிய ஸ்டேடியத்தில், அடுத்தவன் கூட்டிய கூட்டத்தின் முன்னால் அடி வாங்கிய பிறகு, யோஸ்ட் ஒரு முடிவுக்கு வந்திருந்தார்: நமக்கும் வேண்டும், இவர்கள் எல்லோரையும் விடப் பெரிதாக வேண்டும்.

பேராசிரியர்கள் ஒத்துக்கொள்ளவில்லை. பல்கலைக்கழகம் படிப்பதற்கா, பந்து விளையாடுவதற்கா என்று அந்தக் காலத்திலேயே கேட்டார்கள். இன்றுவரை கேட்கிறார்கள். வழக்கப்படி ஒரு கமிட்டி போட்டார்கள். வணிகவியல் பள்ளியின் டீன் எட்மண்ட் டே தலைமை. 1926 ஜனவரியில் அறிக்கை வந்தது. ஸ்டேடியம் கட்டலாம், ஆனால் ஆடம்பரம் கூடாது, எளிமையாக இருக்க வேண்டும். கூடவே சாதாரண மாணவர்கள் விளையாட உள்ளரங்கம், பெண்களுக்கு விளையாட்டுத் திடல், ஒரு கோல்ஃப் மைதானம் ஆகியவையும் வேண்டும் என்றார்கள். ஸ்டேடியத்தின் டிக்கெட் பணத்தில் இவற்றையெல்லாம் கட்டிவிடலாம் அல்லவா? எதிர்த்துக்கொண்டிருந்தவர்களுக்கு இந்த வரி இனித்தது. ஒரு லட்சம் பேர் கத்தும் இடம் வேண்டும் என்று கேட்டால் கிடைக்காது. பெண் பிள்ளைகளின் உடல்நலத்துக்காக என்று கேட்டால் கிடைக்கும். யோஸ்ட் கோச் வேலையில் மட்டும் கெட்டிக்காரர் அல்ல.

பணத்துக்கு அவர் போட்ட திட்டம் இன்னும் அழகு. வரிப்பணம் ஒரு டாலர் வேண்டாம் என்று சொல்லிவிட்டு, 500 டாலர் வீதம் 3,000 கடன் பத்திரங்களை வெளியிட்டார். வட்டி 3 சதவீதம். வட்டிக்காக அதை வாங்குகிறவன் புத்திசாலி அல்ல. பத்திரம் வாங்குகிறவருக்கு மைதானத்தின் நடுப்பகுதியில், 30 யார்டு கோட்டிலிருந்து 30 யார்டு கோட்டுக்குள், பத்தாண்டுகளுக்கு டிக்கெட் வாங்கும் உரிமை உண்டு என்று ஒரு வரி சேர்த்திருந்தார். கவனியுங்கள்: டிக்கெட் அல்ல, டிக்கெட் வாங்கும் உரிமை. டிக்கெட்டுக்குத் தனியாகக் காசு. ‘நல்ல இடம் வேண்டுமா, முதலில் நன்கொடை’ என்று இன்றைக்கு அமெரிக்கக் கல்லூரிகள் எல்லாம் செய்யும் வியாபாரத்துக்கு அன்றே ஒரு முன்னோட்டம்.

ஓஸ்போர்ன் எஞ்சினியரிங் வரைபடம் போட்டது. நியூயார்க்கின் யாங்கி ஸ்டேடியம் வரைந்த அதே கம்பெனி. தோண்டியபோதுதான் தெரிந்தது, நிலத்துக்கடியில் ஊற்று. மண் சேறாய்க் குழைந்தது. அந்தச் சேறு ஒரு கிரேனை அப்படியே விழுங்கிவிட்டதாகவும் அது இன்றும் மைதானத்துக்கு அடியில் கிடப்பதாகவும் ஊரில் சொல்வார்கள். ஸ்டேடியத்தின் பெரும்பகுதியைப் பள்ளத்துக்குள் இறக்கிவிட்டதால், தெருவிலிருந்து பார்த்தால் ஏதோ மதில் சுவர் மாதிரிதான் தெரியும். கமிட்டி கேட்ட எளிமை வந்துவிட்டது. ஆனால் அஸ்திவாரத்தை மட்டும் யோஸ்ட் பிற்காலத்தில் ஒரு லட்சத்துக்கு மேல் தாங்கும்படி போட வைத்தார். அனுமதி கிடைத்தது 72,000-க்கு. கடைசி நேரத்தில் மேல் விளிம்பைச் சுற்றித் தற்காலிக மரப் பெஞ்சுகளை அடுக்கச் சொன்னார். கணக்கு 80,000-ஐத் தாண்டியது. மொத்தச் செலவு 9,50,000 டாலர்.

1927 அக்டோபர் 1 அன்று முதல் ஆட்டம். எதிரணி ஒஹையோ வெஸ்லியன். மிச்சிகன் 33–0 என்று ஜெயித்தது. பார்க்க வந்தவர்கள் சுமார் 17,000 பேர். ஐந்தில் நாலு பங்கு பெஞ்ச் காலி. ஃபெர்ரி ஃபீல்டிலேயே கால் நீட்டிப் படுத்துப் பார்த்திருக்கலாம். ஆனால் யோஸ்ட் அசரவில்லை. மூன்று வாரம் கழித்து அர்ப்பணிப்பு விழா. யாரை அழைத்தார் என்று சொல்ல வேண்டுமா? ஒஹையோவைத்தான். கூட்டம் 84,401. மிச்சிகன் 21–0. ஐந்து ஆண்டுக் கடன் வட்டியோடு தீர்ந்தது.

அந்தச் சந்தோஷம் இரண்டே ஆண்டு. 1929 அக்டோபரில், கல்லூரி விளையாட்டு படிப்பைத் தின்று கொழுக்கிறது என்று கார்னகி அறக்கட்டளை ஒரு தடித்த அறிக்கை வெளியிட்டது. அதே மாதம் பங்குச் சந்தை கவிழ்ந்தது. வேலை போனவன் ஃபுட்பாலுக்கா வருவான்? அடுத்த இருபது ஆண்டுக்கு ‘இன்னும் இடம் போடலாமா’ என்ற பேச்சை யாரும் பெரிதாக எடுக்கவில்லை.

1949-ல் மரப் பெஞ்சுகளை எடுத்துவிட்டு நிரந்தர இரும்புப் பெஞ்சுகள் போட்டபோது எண்ணிக்கை 97,239. ஒரு லட்சத்துக்கு 2,761 பாக்கி. இந்தக் குறையோடு ஒரு நிர்வாகி எப்படி நிம்மதியாகச் சாப்பிடுவார்? யோஸ்ட்டின் நாற்காலிக்கு வந்த ஃபிரிட்ஸ் கிரிஸ்லர் 1956-ல் கணக்கை 1,01,001 ஆக்கினார். அந்தக் கடைசி ‘ஒன்று’ கிரிஸ்லருக்கான இடமாம். அது எந்த வரிசை, எந்தப் பெஞ்ச் என்று யாருக்கும் தெரியாது. அன்றிலிருந்து கொள்ளளவு எத்தனை முறை மாறினாலும் எண் ஒன்றில்தான் முடிகிறது: 1,01,701; 1,02,501; 1,07,501. பொறியாளர்கள் அளவுநாடாவோடு கஷ்டப்பட்டு அளந்து, கடைசியில் மொய் எழுதும்போது ஒரு ரூபாய் சேர்ப்பது போல ஒன்றைச் சேர்த்துவிடுகிறார்கள்.

லட்சத்துக்கு மேல் இடம் ஆயிற்று; ஆட்கள்? அறுபதுகளில் ஒஹையோவோ மாநிலத்தின் இன்னொரு பல்கலைக்கழகமான மிச்சிகன் ஸ்டேட்டோ வராத சனிக்கிழமைகளில் பல்லாயிரம் பெஞ்சுகள் சும்மா வெயில் காய்ந்தன. 1968-ல் விளையாட்டுத் துறைப் பொறுப்புக்கு வந்த டான் கானம் வந்தவுடன் புது பெஞ்ச் கேட்கவில்லை. இருக்கிற பெஞ்சுக்கு ஆள் தேடினார். வீடு வீடாகத் தபாலில் விளம்பரம் அனுப்பினார், குடும்பத்தோடு வரச் சொன்னார், ஸ்டேடியத்தின் பேரில் விற்க முடிந்ததையெல்லாம் விற்றார். அந்த ஆண்டுக் கடைசியில் போ ஷெம்பெக்லர் என்ற கோச்சைப் பிடித்தார். 1969 நவம்பரில் ஷெம்பெக்லரின் அணி, தோல்வியே அறியாமல் வந்த ஒஹையோவை 24–12 என்று கவிழ்த்தது. அன்று கூட்டம் 1,03,588. 1975 நவம்பர் 8 முதல் கொரோனாவின் 2020 சீசன் நீங்கலாக ஒவ்வொரு உள்ளூர் ஆட்டத்துக்கும் லட்சம் பேருக்குக் குறையாமல் வருகிறார்கள். அஸ்திவாரம் போட்டு ஏறத்தாழ ஐம்பது ஆண்டு கழித்துத்தான் யோஸ்ட் சொன்னது பலித்தது. அதையும் பலிக்க வைத்தது சிமெண்ட் அல்ல. ஒரு விளம்பரக்காரரும் ஒரு கோபக்கார கோச்சும்.

இத்தோடு திருப்தி அடைந்திருக்கலாம். ஆனால் மற்றவர்கள் சும்மா இருக்க வேண்டுமே! பென்சில்வேனியாவில் பென் ஸ்டேட்காரர்கள் 1978-ல் தங்கள் ஸ்டேடியத்தைத் துண்டு துண்டாக வெட்டி, ஜாக்கி வைத்து மேலே தூக்கி, அடியில் 16,000 இடம் சேர்த்தார்கள். 1996-ல் டென்னஸி பல்கலைக்கழகம் தன் ஸ்டேடியத்தை 1,02,544 ஆக்கியது. அப்போது மிச்சிகனிடம் இருந்தது 1,02,501. வித்தியாசம் 43 இடம்! ஒரு பஸ் நிறைய ஆட்கள்! பொறுக்குமா? 1998-ல் மிச்சிகன் ஐயாயிரம் இடத்தை அள்ளிப் போட்டு 1,07,501-க்குப் போனது. அதோடு நிற்காமல், புகழ்பெற்ற கட்டடக் கலைஞர் ராபர்ட் வென்டுரியைக் கொண்டு, ஸ்டேடியத்தின் தலையைச் சுற்றி மஞ்சளில் ஒளிவட்டம் வேறு கட்டினார்கள். கல்லூரிப் பாட்டின் சொற்களும் ஹெல்மெட் படங்களும் பெரிய பெரிய அளவில் ஊருக்கே தெரிந்தன. ஊர் முகம் சுளித்தது. அடுத்த சீசன் முடிந்ததும் கழற்றிவிட்டார்கள். எளிமையாகக் கட்டச் சொன்ன அந்த 1926 கமிட்டியின் ஆவி அன்றுதான் சாந்தி அடைந்திருக்கும்.

அடுத்தது 226 மில்லியன் டாலர் அத்தியாயம். இருபுறமும் செங்கல் மாடங்கள் எழுப்பி, கண்ணாடி போட்ட அறைகளும் மெத்தை இருக்கைகளும் வைக்க முடிவு செய்தார்கள். நிர்வாகக் குழுவில் ஓட்டு 5–3. எளியவனும் செல்வனும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்த இடம் இது, அதைக் கெடுக்காதீர்கள் என்று எதிர்த்தவர்கள் சொல்லிப் பார்த்தார்கள். இதற்கு நடுவே, சக்கர நாற்காலியில் வருகிறவர்களுக்குப் போதிய இடம் எங்கே என்று உடல் ஊனமுற்ற முன்னாள் படைவீரர்கள் 2007-ல் வழக்குப் போட்டார்கள். 43 இடத்துக்காகத் துடித்த ஸ்டேடியத்துக்கு, தன் மாநிலத்துப் படைவீரனை எங்கே நிறுத்துவது என்று கோர்ட்டுக்குப் போன பிறகுதான் யோசனை வந்தது. 2008-ல் சமரசம் ஆகி, முந்நூறுக்கும் மேற்பட்ட சக்கர நாற்காலி இடங்கள் வந்தன. வேலை நடந்தபோது கொள்ளளவு 1,06,201-க்கு இறங்கியது. இரண்டு ஆண்டு முதலிடம் பென் ஸ்டேட்டுக்குப் போனது. 2010-ல் 1,09,901 என்று மீண்டும் பட்டம் சூட்டிக்கொண்டார்கள்.

பட்டம் சூட்டிய கையோடு அந்த டிசம்பரில் மைதானத்தில் பனித்தளம் போட்டு, மிச்சிகன் ஸ்டேட்டோடு ஒரு ஐஸ் ஹாக்கி ஆட்டம். உலக சாதனைக் கூட்டம், 1,13,411 பேர் என்று அறிவித்தார்கள். கின்னஸ்காரர்கள் வந்து வாசலில் ஸ்கேன் ஆன டிக்கெட்டுகளை எண்ணினார்கள்: 1,04,173. சாதனை சாதனைதான், ஆனால் மீதி ஒன்பதாயிரம் பேர் எந்த வழியாக வந்து எந்த வழியாகப் போனார்கள் என்பது கிரிஸ்லரின் ஆசனத்துக்கே வெளிச்சம்.

சரி, அந்த லட்சத்துச் சொச்சத்தில் ஒரு இடம் எப்படி இருக்கும்? சாதாரண ரசிகனுக்குக் கிடைப்பது ஒரு நீளமான பெஞ்ச். சாய்மானம் கிடையாது. பெஞ்சின் மேல் ஒரு எண். அதற்கும் பக்கத்து எண்ணுக்கும் நடுவே உள்ள ஒன்றரை அடிதான் உங்கள் சாம்ராஜ்யம். செப்டம்பரில் எல்லோரும் பனியனில் வருவார்கள், ஒருவழியாக அடங்கிவிடும். நவம்பர் குளிரில் ஒவ்வொருவரும் இரண்டு ஸ்வெட்டர், மேலே ஒரு கோட்டு என்று வரும்போது இருபது பேர் வரிசையில் பதினெட்டாவது ஆளோடு பெஞ்ச் முடிந்துவிடும். டச் டவுனுக்கு எல்லோரும் எழுந்து கத்துவார்கள். எழுந்ததில் தவறில்லை, மறுபடி உட்காரும்போது யார் முந்துகிறாரோ அவருக்குத்தான் இடம்.

எனவே இன்னும் இடம் போடலாமா என்று கேட்டால், இந்தக் கதை சொல்லும் பதில் இதுதான். இந்த ஸ்டேடியத்தில் எந்தக் காலத்திலும் நிற்கிறவனுக்காக இடம் போடவில்லை. பக்கத்து மாநிலத்துக்காரன் போட்டான் என்றுதான் போட்டார்கள். முதல் ஐம்பது ஆண்டில் போட்டவுடன் எப்போதும் நிரம்பியதும் இல்லை. மிச்சிகனின் லீகிலேயே ஆடும் நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகம், 47,000 பேர் உட்கார்ந்த தன் பழைய ஸ்டேடியத்தை இடித்துவிட்டு, 35,000 பேருக்கு மட்டும் புதிதாகக் கட்ட முடிவு செய்தது. கூட்டத்தைக் குறைத்துக்கொள்ளும் தைரியம் ஒருவருக்காவது வந்திருக்கிறது. மிச்சிகனும் 2015-ல் சத்தமில்லாமல் 1,07,601-க்கு இறங்கியது. கடைசி ‘ஒன்றை’ மட்டும் விடவில்லை.

ஆன் ஆர்பர் நிர்வாகிகளுக்கு ஒரு விண்ணப்பம்: இருக்கைகளைக் கூட்டியது போதும். இருக்கிற இருக்கையை ஆளுக்கு நாலு விரற்கடை அகலமாக்குங்கள். எண்ணிக்கை தொண்ணூறாயிரத்துக்கு இறங்கினாலும் குடி முழுகிவிடாது. ஒஹையோக்காரன் சிரிப்பான், சிரிக்கட்டும். அவனுக்கும் பெஞ்ச் இடிக்கத்தான் செய்கிறது.