அடிக்காமல் அடி வைப்பது பற்றி

அடி என்ற சொல்லுக்குள்ள பொருள்களில் இரண்டு இவ்வாய்வுக்குப் போதும். ஒன்று மட்டையால் கொடுப்பது, மற்றது காலால் வைப்பது. முன்னது இல்லாமல் பின்னது ஆகுமா?

ஆகும் என்கிறது பேஸ்போல் விதிநூல். எறிபவர் எல்லைக்கு வெளியே எறிந்த நான்கு பந்துகளை மட்டை வீசாமல் விட்டுவிட்டால், அடிக்க வந்தவர் மட்டையைக் கீழே போட்டுவிட்டு முதல் தளத்துக்கு ஆறுதலாக நடந்து போகலாம். விலகப் பார்த்தும் பந்து உடம்பில் பட்டால் அதே சலுகை. நோவுக்குத் தனிக் கூலி கிடையாது. முதல் தளத்தில் ஏற்கெனவே ஒருவர் நின்றால் அவர் இரண்டாவதற்குத் தள்ளப்படுவார். முதல் தளம் வெறுமையாக இருந்து இரண்டாவதில் மட்டும் ஆள் நின்றால் அவருக்கு இதில் பங்கில்லை. இதை விளங்கிக்கொள்ள அமெரிக்கா போகவேண்டாம். செல்வச்சந்நிதிக் கோயில் அன்னதானப் பந்தியில் ஒருவர் ‘கொஞ்சம் தள்ளி இருங்கோ அண்ணை’ என்று நுழையும்போது நெருக்குப்பட்டவர் மட்டும் நகர்வார். இடைவெளிக்கு அப்பால் இருப்பவர் சோற்றிலேயே கண்ணாக இருப்பார்.

எறிபவர் எறிவதாகப் பாவனை காட்டித் தளத்தில் நிற்கும் ஓட்டக்காரரை ஏய்த்தால் தண்டனையாக எல்லா ஓட்டக்காரரும் ஒரு தளம் ஏறுவர். எறிபவர் அசந்த நேரம் பார்த்து ஓடித் தளம் பிடிப்பதும் உண்டு. அதற்கு அவர்கள் வைத்த பெயரே களவு. ரிக்கி ஹெண்டர்சன் 1982இல் மட்டும் 130 தளங்களையும் வாழ்நாளில் 1406 தளங்களையும் களவெடுத்தார். பொலிசுக்குப் போகவில்லை, புகழ்மண்டபத்துக்குப் போனார்.

இனி எமதூர் தொண்டைமானாறு. ‘வெளிக்கள நிலையம்’ என்ற பெயரிலேயே இங்கு ஒரு நிறுவனம் உண்டு. உயர்தர மாணவருக்குப் பரீட்சைத்தாள் போடுவது அதன் வேலை. இவ்வாய்வின் வெளிக்களமோ ஆற்றங்கரை மணல். அங்கே குதிக்காலால் கோடு கீறி ஆடப்படும் கிளித்தட்டில் பந்துமில்லை, மட்டையுமில்லை. கிளி எனப்படும் ஆட்டக்காரர் கைதட்டியதும் ஆட்டம் தொடங்கும். கோட்டுக்கொருவர் மறித்து நிற்க, இடத்தோளைக் காட்டி வலப்பக்கம் பாய்ந்து, மறிப்பவர் கை படாமல் அடுத்த தட்டுக்குள் இறங்க வேண்டும். போய்த் திரும்புகிறவன் பழம். அமெரிக்கர் விதிவிலக்காக ஓரத்தில் வைத்த களவை நாங்கள் முழு ஆட்டமாகவே வைத்திருக்கிறோம் என்பது என் முடிபு.

ஒரு துணைக் கருதுகோளும் உண்டு. மலையாளத்தில் இந்த ஆட்டத்துக்கு உப்புகளி என்றும் பெயர். கரணவாய், வெள்ளப்பரவை ஆகிய இடங்களின் உப்பை ஏற்றிப்போகச் சோழப் படைத்தலைவன் கருணாகரத் தொண்டைமான் வெட்டுவித்த வாய்க்கால்தான் இந்த ஆறு என்பது செவிவழிக் கதை. ஒரு பக்கம் உப்பு, மறுபக்கம் நிலத்தில் நீளமாகக் கீறிய கோடு. இரண்டும் ஒன்றாய் அகப்பட்டால் எந்த ஆய்வாளன் சும்மா இருப்பான்? தொண்டைமான் கீறியது முதலாவது தட்டுக்கோடு என்று எழுதியே விட்டேன். ஆதாரம் கேட்பவர் கிளியிடம் கேட்கலாம்.

கரையில் இருந்த பெரியவர் ஒருவருக்கு முடிபை மட்டும் வாசித்துக் காட்டினேன்.

“கிளித்தட்டிலை அடி இல்லையெண்டு ஆர் தம்பி சொன்னது? பட்டது, படேல்லை எண்டு தொடங்கினால் பிறகு முழுக்க அடிதான்.”